மாப்பிள்ளையின் வாப்பாவுக்கு வசனம் இல்லை

நான் குடியிருப்பது என் மனைவியின் வீட்டில். சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. எங்கள் கரையில் கல்யாணம் முடித்த ஆண்கள் எல்லாரும் மனைவியின் வீட்டில்தான் இருக்கிறோம். பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டைக் கட்டி, அதை மகளின் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தாங்கள் பின்பக்கச் சமையல் குசினியை ஒட்டி ஓர் அறை எடுத்து ஒதுங்கிக்கொள்வார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து ஏறுவார். கோபம் வந்தால் "வெளிய போ" என்று கத்தும் வசதி எங்களுக்குக் கிடையாது. போவதென்றால் நாங்கள்தான் போகவேண்டும். ஆகவே கோபத்தையெல்லாம் சந்தியிலும் தேத்தண்ணிக் கடையிலும் செலவழித்துவிட்டு, வீட்டுக்குள் நல்ல மனிதர்களாக நுழைகிறோம்.

மகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பும் தகப்பன் அழுகிற கதைகளை நிறையப் படித்திருக்கிறேன். உலகத்தில் பாதிப் புத்தகம் அதுதான் போலிருக்கிறது. எங்கள் ஊரில் மகள் எங்கேயும் போவதில்லை. போகிறவன் மகன். அவனை அனுப்பிவைக்கும் தகப்பனைப் பற்றி யாராவது ஒரு பக்கம் எழுதியிருந்தால் இரண்டு வரி கொப்பியடித்திருப்பேன். நான் தேடியவரை யாரும் எழுதவில்லை.

நிக்காஹ் மஜ்லிஸைப் பாருங்கள். பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று சொல்வார். பாதியில் சொல் தடுமாறும். சபையே தலையை ஆட்டும். பாவம், பெத்த மனசு என்று. மாப்பிள்ளையின் வாப்பா? அவர் பக்கத்தில் உட்கார்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டிருப்பார். அந்த நாடகத்தில் அவருக்கு வசனமே இல்லை.

எனக்கு இருப்பது ஒரே மகன். அவனுக்கு மருதமுனையில் கல்யாணம் பேசி முடித்தோம். நாங்கள் இருப்பது சாய்ந்தமருதில். மோட்டார் சைக்கிளில் கல்முனை, பாண்டிருப்பு தாண்டிப் போனால் கால் மணித்தியாலம். சந்தியில் பஸ் மறித்தால் இன்னும் கொஞ்சம். இந்தத் தூரத்துக்கு ஒரு மனிதன் அழுவானா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மகனுடைய ஆட்கள் வேறு மாதிரி. கிரிக்கெட்டில் தோற்றால் அழுவார்கள், வென்றாலும் அழுவார்கள். தெருவில் கண்டால் கட்டிப்பிடிப்பார்கள். ஒரு நாள் அவன் போனை வைக்கும்போது "லவ் யூ" என்று சொன்னதைக் கேட்டு, ஆஹா, பெண் பேசியது சரிவந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். விசாரித்தால், அந்தப் பக்கம் இருந்தவன் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கூட்டாளி. பிரேக் கட்டை மாற்றிக் கொடுத்ததற்காம்.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கையில், நான் முகம் வழித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றான்.

"வாப்பா, ஒண்டு கேக்கட்டா?"

"கேளு. காசெண்டா உம்மாட்டக் கேளு."

"பாத்தீங்களா? இதத்தான் சொல்ற. எதக் கதைக்க வந்தாலும் பகிடி, சிரிப்பு."

"சரி, பகிடி இல்ல. சொல்லு."

"நான் இந்த ஊட்ட உட்டுப் போக முன்ன, ஒங்கட வாயால எனக்கு ஒண்டு சொல்லணும். பகிடி இல்லாம."

"என்னத்தச் சொல்ல?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? ஒங்களுக்குத்தான் தெரியணும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். கண்ணாடியில் பாதி முகம் நுரையோடு ஒருவன் என்னைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தான்.

சும்மா இருக்கவில்லை, பழகிப் பார்த்தேன். குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் "மகன்..." என்று தொடங்குவேன். அடுத்த சொல் வராது. முகம் மட்டும் ஏதோ செய்யும். கெட்டுப்போன கருவாட்டை மோந்து பார்த்தவனின் முகம். தமிழில் எத்தனையோ நூல் படித்த ஆள் நான். பிரிவைப் பற்றி நம்முடைய முன்னோர்கள் எத்தனை விதமாகப் பாடியிருக்கிறார்கள் என்று மேடையேறி ஒரு மணித்தியாலம் பேசச் சொன்னால் பேசுவேன். பிரிந்தவர்கள் எல்லாரும் காதலர்கள். சாய்ந்தமருதிலிருந்து மருதமுனைக்குப் போகிற மகனுக்கு ஒரு திணையும் ஒதுக்கப்படவில்லை.

அழவே தெரியாத ஆட்கள் இல்லை நாங்கள். கடல் ஊருக்குள் வந்த அன்று அழுதோம். ஆனால் அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. அன்று ஊரே அழுதது. யாருடைய கண்ணீர் யாருடையது என்று பிரிக்க முடியாது. மகன் அப்போது பாலர் பாடசாலைக்குப் போகிற பிள்ளை. சத்தம் கேட்டதும் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பெரிய தெருவைத் தாண்டி வயல் பக்கம் ஓடினேன். என் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு எனக்கு அந்த முடியே இல்லாமல் போய்விட்டது. அது வேறு கதை. அன்றைக்குப் பிறகு எங்கள் ஊர் ஆண்களுக்கு மையித்து கிடக்கும் சாவு வீட்டில்கூடக் கண் நனைவதில்லை. யாராவது ஒருவன் விம்மினால் நாலு பேர் சேர்ந்து "சபூர் செய்ங்க, சபூர் செய்ங்க" என்று பொறுமை சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள். நபியவர்கள் தம் பிள்ளையை அடக்கம் செய்யும்போது கண்ணீர் விட்டதை மௌலவி பயானில் உருகி உருகிச் சொல்வார். நாங்களும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, உலர்ந்த கண்ணோடு செருப்பைத் தேடுவோம்.

எனக்கு ஒரு கூட்டாளி. சந்தையில் மீன் விற்கிறவன். போன வருடம் தன் மகனை அனுப்பியவன். அனுபவஸ்தனிடம் கேட்போம் என்று போனேன். பாரையை வெட்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான், ஒன்ட மகன் போகக்குள்ள நீ அழுதயா?"

கத்தி நின்றது. "எனக்கென்ன விசரா? காரைதீவ தாண்டி நிந்தவூருக்குப் போறவனுக்கு அழுதா, கட்டாருக்குப் போறவனுக்கு என்ன செய்யிற?"

"மெய்யா? ஒரு சொட்டும் இல்ல?"

"இல்லெண்டு சொல்றன். அண்டைக்கு மட்டும் கண்ணுல உப்புத் தண்ணி தெறிச்சிட்டு. ஐஸ் பெட்டி தொறக்கக்குள்ள."

"கல்யாண ஊட்டுல ஏதுடா ஐஸ் பெட்டி?"

குனிந்து செதிலைச் சுரண்டினான். பிறகு, "மீன் வாங்க வந்தயா, பொலிஸ் வேல பாக்க வந்தயா? ஆக்கள மறிக்காம அங்கால நில்லு" என்றான். பின்னால் நின்ற கிழவர் ஒருவர், "இவன் அண்டைக்குக் குளியலறைக்குள்ள போய்ப் பைப்பத் தொறந்து உட்டுட்டு நிண்ட. தாங்கி முடியுமட்டும் தண்ணி ஓடிச்சி" என்றார். கூட்டாளி அந்தக் கிழவருக்கு அன்று மீன் தரவில்லை.

பைப்பைத் திறந்துவிட்டு அழுகிற முறை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மகன் கேட்டது அது இல்லையே. வாயால் கேட்டிருந்தான்.

கல்யாண நாள் வந்தது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹுக்கு மருதமுனைப் பள்ளிவாசலுக்குப் போகவேண்டும். எங்கள் வீட்டு மண்டபம் நிறையச் சனம். மகன் கோட்டுப் போட்டு, ஒவ்வொருவராகச் சலாம் சொல்லிக்கொண்டு வந்தான். உம்மாவிடம் வந்தான், இரண்டு பேரும் அழுதார்கள், யாரும் வியக்கவில்லை. பிறகு எனக்கு முன்னால் வந்து நின்றான். அந்த நாளுக்கென்று நான் ஒரு வசனம் தயார் செய்துதான் வைத்திருந்தேன். நல்ல வசனம். அதற்குள் அவன் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டான். கட்டிப்பிடித்து, சத்தம் போட்டு அழுதான். தோள் குலுங்கியது. சுற்றி நின்ற ஆண்கள் எல்லாரும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்கள். அந்த மின்விசிறிக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

என் வாய் திறந்தது. வந்தது இது:

"மெதுவா மகன், மெதுவா. கோட்டு வாடகைக்கு எடுத்த. நனைஞ்சா கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான்."

சபை வெடித்துச் சிரித்தது. அவ்வளவு பேரும் ஒரு சிரிப்புக்காகக் காத்திருந்தவர்கள். மகனும் சிரித்தான். ஆனால் என் முதுகை இறுக்கிப் பிடித்திருந்த அவன் கை தளர்ந்தது. இரண்டு முறை மெல்லத் தட்டிவிட்டு விலகியது. வயசான ஆட்களைத் தட்டிக்கொடுப்பார்களே, அந்தத் தட்டு.

பூ ஒட்டிய கார் வாசலில் நின்றது. அவன் ஏறினான். நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. குனிந்து, முன் டயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. நான் மாப்பிள்ளையாகிப் போன அன்று என் வாப்பா இதையேதான் செய்தார். ஊர்வலத்தை நிறுத்திவைத்து, காரைச் சுற்றி வந்து, ஒவ்வொரு டயராக விரலால் அமத்தினார். கார் டயரை விரலால் அமத்தினால் என்ன தெரியும்? சைக்கிள் ஓடிய மனிதர். "காத்து இரிக்கி" என்றார். அதுதான் அவர் சொன்ன ஒரே வசனம். கூட்டாளிகள் முன்னால் எனக்கு மானம் போயிற்று.

"என்ன மச்சான், கொழும்புக்கு லொறியா அனுப்புற?" என்றான் மீன் கூட்டாளி. கார் போயிற்று. பின்னால் நாங்களும் போய், மஜ்லிஸில் உட்கார்ந்து நான் தொப்பியைச் சரிசெய்தேன்.

மறுநாள் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்தேன். தினமும் பள்ளியால் வருகிற வழியில் மகனுடைய கதவைத் தட்டுவது வழக்கம். தட்டி, "எழும்புங்க தொர, சூரியன் ஒங்கட அனுமதிக்கு நிக்கிது" என்பேன். உள்ளேயிருந்து ஒரு முனகல் வரும். அன்றும் தட்டினேன். முழு வசனத்தையும் சொன்னேன். முனகலுக்காக நின்றேன். வரவில்லை. இன்னொரு முறை தட்டினேன்.

குசினிக்குள் இருந்து மனைவி எட்டிப்பார்த்தாள். "ஆரக் கூப்புடுறீங்க?"

"ஆரையுமில்ல. கதவுல பூச்சி."

அவள் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே போனாள். கொஞ்சம் பொறுத்து ஒரு தலையணையோடு வந்தாள். சின்ன வயசிலிருந்து அவன் தலைக்கு வைக்கிறது. சப்பளிந்து, ரொட்டி மாதிரிக் கிடக்கும். அது இல்லாமல் அவனுக்கு நித்திரை வராது.

"இஞ்சப் பாருங்க, இத உட்டுட்டுப் போயிட்டான். கொண்டு குடுங்களன்."

"நானா? இண்டைக்கா?"

"நீங்கதான். இண்டைக்குத்தான்."

இங்கே ஒன்றை விளக்கவேண்டும். கல்யாணத்துக்கு அடுத்த நாள், அழைப்பு வராமல், மாப்பிள்ளையின் வாப்பா பெண் வீட்டு வாசலில் போய் நிற்பது எங்கள் பக்கத்தில் இல்லாத பழக்கம். நின்றால் அதற்கு அர்த்தம் ஒன்றேதான்: தந்ததில் ஏதோ குறை, சொல்ல வந்திருக்கிறார். எனக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் கல்முனைச் சந்தியில், மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் தாங்கியின் மேல் ஒரு பழைய தலையணையை வைத்துக்கொண்டு, சிவப்பு விளக்கில் ஊரே பார்க்க நிற்கும்போது வேறு யோசனைகள் இருந்தன.

சம்மந்தி தறி போட்டு, இடுப்பில் உடுக்கும் சாரன் நெய்விக்கிற மனிதர். அளந்து பேசுவார், சிரிப்பதென்றால் வெள்ளிக்கிழமை மட்டும். சத்தம் கேட்டுப் பின்பக்கத்தால் வந்தவர், என்னைக் கண்டதும் முகம் வெளிறிப் போனார்.

"வாங்க மச்சான், இரிங்க. என்ன, ஏதும் கொறையா?"

"ஒரு கொறையுமில்ல மச்சான்."

"கட்டிலா? அலுமாரியா? அலுமாரிக் கதவு சாடையா இறுக்கம்தான், தச்சன இண்டைக்கே வரச் சொல்லிரிக்கன்."

"இல்ல மச்சான், நான் இந்தத் தலகணிய..."

அவருடைய கண் அப்போதுதான் தலையணையில் விழுந்தது. பார்த்தார். மீண்டும் பார்த்தார்.

"எங்கட தலகணிக்கு என்ன?" குரல் மாறியிருந்தது. "எலவம் பஞ்சு மச்சான். கடையில வாங்கல்ல. நானே பக்கத்துல இருந்து அடைப்பிச்ச. ஒறையும் எங்கட தறியில நெய்ஞ்ச."

ஜன்னல் திரை அசைந்தது. உள்ளே பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வீடு முழுக்க ஒரு தலையணைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வழியால் தப்பப் பார்த்தேன்.

"இல்ல மச்சான், மாப்பிள்ள ஊட்டுச் சீதனம் இது. நாங்களும் ஏதும் தந்தமெண்டு இரிக்கணுமே."

யாரும் சிரிக்கவில்லை. என் பகிடி சீமெந்துத் தரையில் விழுந்து, ஓரமாக உருண்டு போய்க் கிடந்தது. சம்மந்தியின் கை சால்வையின் ஓரத்தைச் சுருட்டத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு பகிடி விட்டால், அந்தப் பெண் பிள்ளை வாழ்நாளெல்லாம் "மாமா முதல் நாளே தலகணியத் தூக்கிட்டு வந்த" என்று நினைத்துக்கொண்டிருப்பாள். என் மகன் அந்த வீட்டில் இருந்து வாழவேண்டியவன்.

உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழி வைக்கவில்லை அந்தத் தலையணை.

"மச்சான், ஒரு கொறையும் இல்ல. காலையில... பழக்கத்துல... அவன்ட கதவத் தட்டிட்டன். உள்ளுக்கு ஆளில்ல."

அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தைக் கண் சொல்லத் தொடங்கிவிட்டது. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு கெஞ்சியும் வராதது, இன்னொருத்தர் வீட்டு முன் விறாந்தையில், பிளாஸ்டிக் கதிரையில், பகல் வெளிச்சத்தில் வந்தது. கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சி கொண்டுவரவில்லை. தலையணை இருந்தது.

சம்மந்தி சால்வையை விட்டார். அவர் மின்விசிறியைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜன்னலுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"மச்சான், நீங்க ஆளில்லாத கதவத்தானே தட்டின. நான் சுபஹுக்கு எழும்பி, பின்னறையில படுக்கிறத மறந்துபோய், தூக்கக் கலக்கத்துல எங்கட பழைய அறைக் கதவுல கைய வெச்சிட்டன். இவ்வளவு காலமும் நான் படுத்த அறை. புதுப் புள்ளையள் உள்ளுக்கு. அல்லாஹ்தான் காப்பாத்தின."

நான் தலையணையிலிருந்து முகத்தை எடுத்தேன். அவருடைய கண்ணும் சரியாக இல்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை, ஆனாலும் சிரித்தார். நானும் சிரித்தேன். எது சிரிப்பு, எது மற்றது என்று எங்களுக்கே பிடிபடாமல் இருந்த நேரத்தில் மகன் வெளியே வந்தான். புதுச் சாரன், மடிப்புக்கூடக் குலையவில்லை. தலையணையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான்.

"என்ன வாப்பா, ஆரும் மவுத்தாப் போயிட்டாங்களா?"

"இல்ல மகன். இரி."

சம்மந்தி எழும்பி, தேத்தண்ணி பார்க்கிறேன் என்று உள்ளே போனார். மகன் அவருடைய கதிரையில் உட்கார்ந்தான்.

"நீ அண்டைக்கு ஒண்டு கேட்டயே," என்றேன்.

"ஓம்."

தயார் செய்து வைத்திருந்த நல்ல வசனத்தைத் தேடினேன். ஒரு சொல்லும் நினைவில் இல்லை. நல்லவேளை.

"கடல் வந்த அண்டைக்கு ஒன்னத் தோள்ல தூக்கி வெச்சிட்டு ஓடின. வயல் பக்கம் போய் எறக்கி விட்டுட்டன் எண்டுதான் இவ்வளவு நாளும் நெனச்சிட்டு இரிந்தன். நேத்து அந்தக் கார் போகக்குள்ளதான் தெரிஞ்ச... எறக்கவே இல்ல மகன். எறக்க எனக்குத் தெரியல்ல."

அவன் கதிரையை நெருக்கி இழுத்தான். கோட்டு இல்லாத என் தோளில் தலையை வைத்தான். என் சேட்டு நனைந்தது. திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத சேட்டு.

கொஞ்சம் பொறுத்துத் தலையைத் தூக்கி, "இது பகிடி இல்லையே வாப்பா?" என்றான்.

"இல்லடா."

"மெய்யா?"

"மெய்தான். நம்பாட்டி ஒன்ட மாமாட்டக் கேளு, அவரும் அழுதவர்தான்."

உள்ளே தேத்தண்ணிக் கோப்பை ஒன்று தட்டில் கிணுங்கியது.

தேத்தண்ணி குடித்தோம். சம்மந்தி எனக்கு ஒரு சாரன் தந்தார், மறுக்க விடவில்லை. புறப்படும்போது தலையணையைக் கதிரையில் வைத்துவிட்டு வந்தேன். அதை உள்ளே கொண்டுபோகப் பெண்களுக்குள் போட்டி நடந்தது என்று பிறகு அறிந்தேன்.

மகன் வாசல் வரை வந்தான். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருக்கையில் பின்னால் போய்க் குந்தினான். பின் டயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தான். இதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் வாப்பா மவுத்தானது அவன் பிறக்க முன்பு. முன் டயரையும் அமத்தினான். எழும்பும்போது முகத்தைச் சாரன் தலைப்பால் துடைத்துக்கொண்டான்.

"காத்துக் கொறவு வாப்பா. சந்தியில அடிச்சிட்டுப் போங்க. பாத்துப் போங்க."

"ஓம் மகன்."

காற்றுக் குறையவில்லை. கல்யாண ஓட்டத்துக்கென்று முதல் நாள்தான் அடித்திருந்தேன். இருந்தாலும் பாண்டிருப்பு தாண்டிக் கல்முனைக்குள் வந்ததும், டயர்க் கடை முன்னால் நிறுத்தினேன். கடைக்காரத் தம்பி காற்று மானியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "காக்கா, ரெண்டுலயும் காத்து நல்லா இரிக்கே" என்றான்.

"இரிக்கட்டும் தம்பி, கொஞ்சம் அடிங்க," என்றேன். "மகன் சொன்ன."